பதினேழாம் எண் கடையின் சாமி படம்

தர்மபுரி பைபாஸ் ரோட்டுப் புதுக் கடைக் கட்டடத்தின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் கவிதா, சத்யா என்ற இரண்டு பெண்கள் போன மாதம் எங்கள் ஊர் இண்டூருக்கு வந்து என்னைப் பார்த்தார்கள். நான் படித்த அரசுக் கல்லூரியில் படித்தவர்கள். அவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள். ஒரு கடைக்காரர் காலி செய்யப் போகிறார் என்பது அவர் வாய் திறப்பதற்கு முன்பே எப்படித் தெரியும் என்பது ஒன்று. தங்கள் அலுவலகத்தில் தங்களுக்கு ஏன் நாற்காலி இல்லை என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கும் என்று அவர்களுடைய மேனேஜர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இரண்டாவது கேள்விக்கும் என்னிடம்தான் பதில் இருக்கிறது. அது மேனேஜருக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும், எழுதியே தருகிறேன் என்றேன். எனக்கு எழுதப் பிடிக்கும். அதனால் நடந்த கெடுதலும் இதிலேயே வருகிறது.

அவர்கள் என்னை "ரிட்டயர்டு அக்கா" என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு வயது முப்பத்திரண்டு. பதினோரு வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்தேன். அந்த இடம் என்னை முந்திக்கொண்டு ஓய்வு பெற்றுவிட்டது.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பி.காம். எல்லாவற்றிலும் நான்தான் வீட்டுக்கு முதல். அப்பா கல் உடைக்கும் வேலைக்குப் போனார். பஸ்ஸை நிறம் பார்த்து ஏறுவார். நான் போர்டைப் படித்துப் பார்த்து ஏறுவேன். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் ஏறுவோம், ஆனாலும் நான் படித்துவிட்டுத்தான் ஏறுவேன்.

வேலை கிடைத்தது தர்மபுரி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பழைய ஷாப்பிங் காம்ப்ளக்ஸில். அதற்கு ஒரு பெயர் உண்டு. வாசல் வளைவில் பெரிதாக எழுதியிருந்தது. யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. கீழே இருபத்தெட்டு, மேலே இருபது, ஆக "நாப்பத்தெட்டுக் கடை". பிற்பாடு பத்தொன்பது கடைதான் திறந்திருந்தது என்ற காலத்திலும் கண்டக்டர்கள் "நாப்பத்தெட்டுக் கடையெல்லாம் எறங்கு" என்றுதான் குரல் கொடுத்தார்கள்.

எனக்குப் பயிற்சி மூன்று நாள். முதல் நாள் சாவிக்கொத்து. இரண்டாம் நாள் தண்ணீர் மோட்டார். மூன்றாம் நாள் எதையோ சொல்லித் தருவதாக இருந்தது, மோட்டார் நின்றுபோனதால் அதையே மறுபடியும் கற்றுக்கொண்டேன்.

மேனேஜர் பெயர் தீர்த்தகிரி. அவர் அதற்கு முன் இருபது வருடம் ஒரு ஜவுளிக் கடையில் நின்றவர். நின்றவர் என்றால் நின்றவர்தான், அந்தக் கடையில் விற்பனையாளர்கள் உட்காரக் கூடாது. அந்தப் பழக்கம் போகவில்லை. அறைக்குள் இன்னொரு ஆள் இருந்தால் அவரால் உட்கார முடியாது. கட்டடத்தின் ஓனர் வாங்கிக் கொடுத்த சுழல் நாற்காலி, பிளாஸ்டிக் உறை கிழிக்கப்படாமல் அவருக்குப் பின்னால் இருந்தது. என் மேசையும் அதே அறையில் இருந்தது. நான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால் அவர் நின்றுகொண்டே இருப்பார். அந்த மனிதர் கொஞ்சம் உட்காரட்டும் என்பதற்காகவே நான் தேவைக்கு மேல் ரவுண்டு போனேன். சுறுசுறுப்பான பெண் என்று எனக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

காலை ஒன்பது மணி ரவுண்டில் நான்கு பார்க்க வேண்டும். ஷட்டர் முழுதாக ஏறியிருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, நடைபாதையில் சரக்கு நீட்டியிருக்கிறார்களா, கடைசியாக, சாமி படம் இருக்கிறதா.

நான்காவதை சார் விளக்கவில்லை. ஒரு வருடம் ரவுண்டு போன பிறகு எனக்கே புரிந்தது. கடை மாறுகிறவர்கள் சரக்கை முதலில் எடுப்பதில்லை. நல்ல நேரம் பார்த்து, புது இடத்துக்கு முதலில் சாமி படத்தைக் கொண்டுபோய் மாட்டி விளக்கேற்றுவார்கள். சரக்கு ஒரு வாரம் கழித்துப் போகும், பத்து நாள் கழித்தும் போகும். அதுவரை பழைய கடையில் ஒன்றும் நடக்காத மாதிரி வியாபாரம் ஓடும். சுவரில் ஓர் ஆணியும், சுற்றிலும் அழுக்குப் படாத ஒரு சதுரமும் மட்டும் இருக்கும். அந்தச் சதுரத்தைப் பார்த்தால் கடை போகிறது என்று அர்த்தம்.

இதை நேராகக் கேட்க முடியாது. எங்கள் கடைக்காரர்கள் சாயந்திரம் கடையைச் சாத்துவதைக்கூட "மூடறேன்" என்று சொல்லமாட்டார்கள், "எடுத்து வெக்கறேன்" என்பார்கள். அப்படிப்பட்டவர்களிடம் போய்க் காலி செய்கிறீர்களா என்று கேட்டால் அன்றைய வியாபாரமே போனது மாதிரி முகம் ஆகிவிடும். படம் இல்லாத கடைக்கு சார் போவார். வாசலில் நின்றபடி, "படத்துக்குப் பூ யாருங்க போடறாங்க?" என்று கேட்பார். அவ்வளவுதான்.

இருக்கப் போகிறவர் என்றால், "நான்தானுங்க போடறேன், இன்னைக்குப் பூக்காரம்மா வரல" என்பார். படம் எங்கே என்பதும் தானாக வந்துவிடும். போகப் போகிறவர், "போடறாங்க, போடறாங்க" என்பார். யார் போடுகிறார்கள் என்று வராது. சார் திரும்பி வந்து பென்சிலால் நோட்டில் ஒரு புள்ளி வைப்பார். பிறகு அந்த ஆளே எழுதிக் கொடுக்கும்வரை அந்தக் கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். கடிதம் வந்த பிறகுதான் "வாடகைக்கு" போர்டு.

"நேரா கேட்டுட்டா என்னாங்க சார்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கேட்டா சொல்லிருவாங்கம்மா. வாயில வந்துட்டா அப்புறம் உள்ள போவாது. நெஜமாவே போயிருவாங்க."

எனக்கு அது சுற்றி வளைப்பதாகத் தோன்றியது. படம் இல்லை என்றால் இல்லை. அதற்கு மேல் பூவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அப்போதுதான் பைபாஸில் புதுக் கட்டடம் வந்தது. ஏ.சி., கார் நிறுத்த இடம், ஏறி நின்றால் தானே மேலே போகும் படி. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தும் பொம்மிடியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து அந்தப் படியில் ஏறி, மேலே ஒன்றும் வாங்காமல் பக்கத்துப் படியில் நடந்து இறங்கி, மறுபடியும் ஏறினார்கள். ஆனால் பத்து முறை ஏறினால் ஒரு முறையாவது ஏதாவது வாங்குவார்கள் என்பது கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. டவுன் பஸ்கள் அங்கே நிற்கத் தொடங்கின.

எங்களிடமிருந்து முதலில் போனது செல்போன் கடை. பிறகு ரெடிமேடு, செருப்பு, பாத்திரம், படத்துக்குக் கண்ணாடி போடும் கோவிந்தண்ணன் என்று வரிசையாக. ஒவ்வொன்றையும் நான் முன்கூட்டியே சொன்னேன். பன்னிரண்டு கடை சொன்னேன், பன்னிரண்டும் சரி. சார் புள்ளி வைப்பதற்கு முன்பே நான் என் சொந்த நோட்டில் கடை எண்ணை எழுதித் தேதி போட்டு வைத்தேன். கட்டடம் காலியாவதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்பதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

போகாமல் நின்றவர்கள் மேல் வரிசைத் தையல்காரர்கள். எட்டு கடை, எட்டு மாஸ்டர். அவர்களுக்குக் கீழே நேராக, நடு முற்றத்தைப் பார்த்தபடி, பதினேழாம் எண் கடை. மாதம்மா அக்காவின் தையல் சாமான் கடை. நூல், லேஸ், ஜிப், கொக்கி, லைனிங் துணி.

மாதம்மா அக்கா பொம்மிடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். படிப்பு கிடையாது. நூல்கண்டின் மேல் அச்சடித்த எண் அவருக்குத் தேவையில்லை. மேலேயிருந்து மாஸ்டர்கள் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கூடையைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். கூடையில் நகம் அளவு துணித் துண்டு இருக்கும். அக்கா அதை வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்து, "இது மாம்பிஞ்சுப் பச்சை, கொத்தமல்லிப் பச்சை இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நூலை எடுத்துக் கூடையில் போடுவார். கூடை மேலே போகும். ஒரு நாளைக்கு நூறு முறையாவது இது நடக்கும். திரும்பி வந்த நூலை நான் பார்த்ததில்லை.

புதுக் கட்டடத்துக்காரர்களுக்கு இந்த எட்டு பேரும் தேவைப்பட்டார்கள். அங்கே சேலைக் கடைகள் நிறைய, ஜாக்கெட் தைக்க ஆள் இல்லை. முதல் மாடியின் பின்வரிசை முழுவதையும் கொடுக்கிறோம் என்று இரண்டு மாதமாகக் கூப்பிட்டார்கள். மாஸ்டர்களில் மூத்தவரான சின்னசாமி, "அங்க போயிக் கூடைய எறக்குனா ஏ.சி. காத்துதான் மேல வரும். மாதம்மா இல்லாத எடத்துல எங்களுக்கு என்னா வேலை?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சேலத்தில் இருக்கும் ஓனரும் போனில் தெளிவாகவே சொல்லியிருந்தார். "மேல் வரிசை இருக்கற வரைக்கும் கடையாவே ஓட்டுங்க. அதுவும் போச்சுன்னா குடோனுக்கு விட்டுருவேன். கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க." அதாவது மாஸ்டர்கள் இருந்தால் கட்டடம் இருக்கும், மாதம்மா அக்கா இருந்தால் மாஸ்டர்கள் இருப்பார்கள். நாற்பத்தெட்டுக் கடையும் ஒரு கூடைக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பின்வருவதைச் செய்தேன்.

ஆடி மாதக் கடைசியில் சார் பத்து நாள் விடுப்பு எடுத்தார். மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போவதாகச் சொன்னார். அலுவலகம் முழுக்க என் பொறுப்பு. அந்தத் திங்கட்கிழமை ரவுண்டில் பதினேழாம் கடையில் படத்தைக் காணவில்லை. வள்ளி தெய்வானையோடு முருகன் நிற்கும் படம். சட்டத்தைச் சுற்றி அக்காவே தங்க நிற லேஸ் வைத்து ஒட்டியிருப்பார். இப்போது ஆணியும் சதுரமும்தான் இருந்தன. அக்கா கூடையில் நூல் போட்டுக்கொண்டிருந்தார். நான் பேசாமல் வந்துவிட்டேன். செவ்வாய், புதன் பார்த்தேன், இல்லை. அடுத்த திங்களும் இல்லை. ஆடியில் யாரும் கடை மாறமாட்டார்கள். ஆவணி பிறக்கக் காத்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். பதின்மூன்றாவது கடையாகப் பதினேழை நோட்டில் எழுதினேன்.

பூ யார் போடுகிறார்கள் என்று கேட்கவில்லை.

ஆவணி பிறந்த கையோடு ஓனர் போன் செய்தார்.

"கடை தேடறவங்க வர்ற நேரம். கீழ எதாச்சும் காலியாவுதா?"

"பதினேழு ஆவும்னு நெனைக்கறேன் சார்."

"நெனைக்கறியா, தெரியுமா?"

இந்தக் கேள்விக்கு "நினைக்கிறேன்" என்று பதில் சொல்லப் பழகியிருக்க வேண்டும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு வாங்கியவளுக்கு அது வரவில்லை. "தெரியும் சார்" என்றேன்.

"அப்ப போர்டு போட்டுரு."

கடிதம் வரவில்லையே என்று ஒரு நிமிடம் தோன்றியது. எப்படியும் வரத்தானே போகிறது என்று விட்டேன். கம்ப்யூட்டரில் அடித்திருக்கலாம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அன்று மாலை வீட்டுக்கு அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கிப்போய் நானே எழுதினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "எறும்பு வரிசையாட்டம் எவ்ளோ நேரா போவுது" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மைதா மாவில் பசையும் அம்மாதான் காய்ச்சிக் கொடுத்தார்.

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு, மாடிப்படி தொடங்கும் இடத்தில் அதை ஒட்டினேன். எழுத்து தெளிவாக இருந்தது. முற்றத்தின் அந்தப் பக்கத்திலிருந்தும் படிக்க முடிந்தது. அன்று பதினேழாம் கடை திறக்கவில்லை. பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாஸ்டர்கள் ஒவ்வொருவராக வந்து, படித்து, மேலே ஏறினார்கள். தையல் மிஷின் சத்தம் வரவில்லை. பத்து மணிக்கு எட்டு பேரும் இறங்கி வந்து, நான்கு வண்டிகளில் இரண்டிரண்டு பேராக ஏறிப் போனார்கள். பன்னிரண்டுக்குள் திரும்பி வந்தார்கள். புதன்கிழமை பன்னிரண்டுக்கு ராகு காலம் என்பதால் அதற்குள் முடித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

பன்னிரண்டே கால் இருக்கும். மாதம்மா அக்கா செய்தித்தாள் சுற்றிய ஒரு பெரிய பொருளை மார்போடு அணைத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க முற்றத்துக்குள் வந்தார். எல்லோரும் படிக்கட்டருகே நின்றிருந்தோம்.

"என்னாத்துக்கு எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கறீங்க? கொம்பு மொளைச்சிருக்குதா?"

சின்னசாமி மாஸ்டர்தான் பேசினார். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல மாதம்மா."

"எதைச் சொல்றது?"

"அதான் போர்டு போட்டிருக்குதே."

அக்கா அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இங்க படிச்ச புள்ள நீதான் கண்ணு. என்னா எழுதியிருக்குது? படி."

நான் படித்தேன். "கடை எண் பதினேழு, விரைவில் வாடகைக்கு விடப்படும். விவரங்களுக்கு அலுவலகத்தை அணுகவும்."

"பதினேழு யாருது?"

"உங்களுதுதாங்கக்கா."

"அப்ப நான் எங்க போறேன்?"

பதில் தெரிந்திருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

"படம் இல்லையேங்கக்கா... பத்து நாளா..." என்றேன்.

அக்கா செய்தித்தாளைப் பிரித்தார். உள்ளே முருகன், வள்ளி, தெய்வானை. புதுக் கண்ணாடி.

"ஷட்டர் இழுத்த அதிர்வுல ஆணி நழுவி வுழுந்து கண்ணாடி தெறிச்சுப்போச்சு. ஒடஞ்ச கண்ணாடியில சாமிய வெச்சுப் பூ போடுவியா? கோவிந்தன்கிட்ட குடுத்தேன். அவன் இங்க இருந்தா ஒரு மணி நேர வேலை. இப்ப அவன் பைபாஸுல ஒக்காந்திருக்கான். ஆடி மாசம், ஊருல இருக்கற அம்மன் படமெல்லாம் அவன்கிட்டதான் கெடக்குது. நாளைக்கு வா, நாளைக்கு வான்னு பத்து நாளு இழுத்துட்டான். இன்னைக்குக் காத்தால ஒரேயடியா போயி ஒக்காந்து வாங்கிட்டு வரேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஏம்மா, பத்து நாளா நான் பூ வாங்கல. பூக்காரிக்குக்கூட தெரியும். ஒரு வார்த்தை கேட்டா கொறைஞ்சா போயிருவ?"

"படம் காணோம்னு நாங்களுந்தான் பாத்தோம்," என்றார் ஒரு மாஸ்டர் தரையைப் பார்த்தபடி. "கேக்க மனசு வரல."

"இன்னைக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

"பண்ணுனா நீ ஆமான்னு சொல்லிருவியோன்னு பயமா இருந்துச்சு."

பத்து நாளாக அந்தச் சுவரை ஒன்பது பேர் பார்த்திருக்கிறோம். ஒருவரும் கேட்கவில்லை. மற்ற எட்டு பேர் கேட்காதது அவர் மேல் இருந்த மரியாதையால். நான் கேட்காதது எனக்குத் தெரியும் என்று நினைத்ததால்.

"சரி, போனது போவட்டும்," என்றார் அக்கா. "போர்டக் கிழிச்சுப் போடு. மாஸ்டரு, மேல போயிக் கூடைய எறக்குங்க."

மாஸ்டர் நகரவில்லை. "பைபாஸுல வெத்தலை மாத்திட்டு வந்துட்டோம் மாதம்மா."

வெற்றிலை மாற்றினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பத்திரமே தேவையில்லை. நான்தான் கேட்டேன்: "திருப்பிக் குடுக்க முடியாதுங்களா மாஸ்டர்?"

"எப்படிம்மா திருப்பிக் குடுக்கறது? அவங்க அங்கயே மென்னுட்டாங்க."

நான் அட்டையைக் கிழித்தேன். அம்மாவின் பசை நல்ல பசை. எழுத்தெல்லாம் வந்துவிட்டது, நடுவில் பதினேழு மட்டும் சுவரோடு தங்கிவிட்டது. தண்ணீர் தொட்டுச் சுரண்டியும் போகவில்லை. அக்கா என்னைத் திட்டவில்லை. கடையைத் திறந்து படத்தை ஆணியில் மாட்டிவிட்டு, நேராக இருக்கிறதா என்று மட்டும் என்னைப் பார்த்துக் கேட்டார். இருக்கிறது என்றேன். அன்றிலிருந்து என் பெயர் "போர்டு".

மறுநாள் சார் வந்தார். நடந்ததைச் சொன்னேன். நின்றபடியே கேட்டார்.

"பூ கேக்கலையா?"

"இல்லைங்க சார்."

பென்சிலை எடுத்துத் திரும்பவும் பாக்கெட்டிலேயே வைத்தார். பிறகு, "நானும் இந்த மாசத்தோட சரிம்மா. அங்கதான் கூப்பிட்டிருக்காங்க, மேனேஜரா," என்றார். மகள் கல்லூரியில் ஒரே நாளில் சேர்ந்துவிட்டாளாம். மீதி ஒன்பது நாளும் புதுக் கட்டடத்தில் வேலை பழகியிருக்கிறார்.

நான் நிமிர்ந்து அவருடைய நாற்காலிக்கு மேலே பார்த்தேன். அங்கே ஒரு பெருமாள் படம் இருக்கும். ஆணியும் சதுரமும் இருந்தன. எத்தனை நாளாக என்று எனக்குத் தெரியாது. தினமும் நாற்பத்தெட்டுக் கடையின் சுவரையும் பார்த்தேன். என் மேசைக்கு எதிர்ச் சுவரைப் பார்க்கவில்லை.

ஆவணி முடிவதற்குள் மாஸ்டர்கள் போனார்கள். போகும்போது மஞ்சள் கூடையை மாதம்மா அக்காவிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். ஓனர் சொன்னபடி குடோனுக்குப் பேசி முடித்தார். மற்றவர்கள் ஆளுக்கொரு திசையில் இடம் பார்த்தார்கள். அக்காவுக்குக் கிடைக்கவில்லை. புதுக் கட்டடத்தில் எல்லாமே பெரிய கண்ணாடிக் கடைகள். நூல்கண்டு விற்பவர் அதில் என்ன செய்வார்? டவுனில் வேறு கடை பிடித்தாலும் மேலே எட்டு மாஸ்டர் இருக்கமாட்டார்கள். குடோன்காரர்களின் ஆட்கள் எதிர்க் கடைகளின் தடுப்புச் சுவரை இடித்துக்கொண்டிருந்தபோதும் அவர் பதினேழில் உட்கார்ந்திருந்தார். நான் ரவுண்டு போனேன். ஒரே கடைதான், ஆனாலும் நான்கையும் பார்த்தேன். படம் இருந்தது.

புரட்டாசியில் சார் கூப்பிட்டு அனுப்பினார். புதுக் கட்டடத்தில் எனக்கு வேலை என்றார். அவருடைய அறையில் புது சுழல் நாற்காலி, அதே பிளாஸ்டிக் உறை. நான் உள்ளே போனதும் எழுந்து நின்றார். "எடம் கொஞ்சம் முடை. உனக்குன்னு ஒண்ணு ஒதுக்கி வெச்சிருக்கேன், வா" என்று பின்பக்க மாடிப்படிக்குக் கூட்டிப்போனார். படிக்கு அடியில் கதவில்லாத ஒரு சிறிய இடம். "மேசை, நாக்காலி ரெண்டும் நாளைக்கு வந்துரும்."

உள்ளே நின்று பார்த்தேன். மேசை போடலாம். ஒரு விளக்கு மாட்டலாம். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். படி வளையும் இடத்தில் நேராக மேலே முதல் மாடியின் பின்வரிசைக் கம்பி தெரிந்தது. கம்பிக்கு மேல் இஞ்ச் டேப் தொங்கும் ஒரு கழுத்து தெரிந்தது. சின்னசாமி மாஸ்டர். கஸ்டமர் ஒருவரிடம் நூல் வர நாளாகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் எந்தத் தடையும் இல்லை. எவ்வளவு உயரம் என்று அளக்கவும் தேவையில்லை. பதினோரு வருடம் பார்த்த உயரம்.

"சார், இந்த எடம் பிளான்ல இருக்குதுங்களா?"

"இல்ல. இருந்தா கடையா வுட்டிருப்பாங்களே. அதனாலதான் உனக்கு."

"அப்ப இதுக்குக் கடை நம்பரும் இருக்காது."

"இருக்காது."

"நம்பர் இல்லாத கடைக்கு யாரும் போர்டு எழுத முடியாதில்லைங்க சார்?"

சார் அண்ணாந்து பார்த்தார். கம்பியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை.

"மேல பேசிப் பாக்கறேன். மாஸ்டருங்க நூலு இல்லாம கத்தறாங்க, ஒத்துக்குவாங்க," என்றார். "ஆனா உனக்கு ஒக்கார வேற எடம் இல்லம்மா. வேலைக்கு வந்தா நாள் பூரா நிக்கணும்."

"எனக்கு நடந்துதான் பழக்கம் சார். நின்னு பழக்கம் இல்ல."

அவர் சிரிக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து, அந்தச் சுவரில் ஒரு புள்ளி வைத்தார்.

அது எனக்கு ஒதுக்கிய இடம் என்று மாதம்மா அக்காவிடம் நான் சொல்லவில்லை. "தீர்த்தகிரி சாரு எங்கெங்கயோ பேசி எடம் வாங்கிக் குடுத்தாரு, நல்ல மனுசன்" என்று எல்லோரிடமும் சொல்கிறார். நல்ல மனிதர்தான். நான் பழைய கட்டடத்தின் சாவிக்கொத்தைக் குடோன்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றேன். இப்போது இண்டூர் பஸ் நிறுத்தத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டை நானே எழுதினேன். அப்பா அதை வாடிக்கையாளர்களுக்கு விரலால் தொட்டுக் காட்டுகிறார்.

தர்மபுரிக்குப் போனால் பின்பக்க மாடிப்படிக்குப் போவேன். "வா போர்டு" என்பார் அக்கா. புதுக் கட்டடத்தில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அதனால் படத்தைத் தங்க நிற லேஸால் படிக்கட்டின் இரும்புக் கம்பியோடு கட்டியிருக்கிறார். போன முறை, வாசலில் நின்றபடி கேட்டுவிட்டேன்.

"படத்துக்குப் பூ யாருங்கக்கா போடறாங்க?"

"மாஸ்டருங்க. ஆளுக்கொரு நாளு மொறை வெச்சிருக்காங்க. காத்தால மொத கூடையில துணி வராது, பூதான் வரும்." நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே சேர்த்துச் சொன்னார்: "ஏன், மறுபடியும் எழுதப் போறியா?"

கவிதா, சத்யா, உங்கள் கட்டடத்தில் எல்லாம் கண்ணாடி. சாமி படங்களைக் கல்லாவுக்கு அடியில் வைத்துக்கொள்கிறார்கள், வெளியிலிருந்து பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அது நல்லதுதான். நீங்கள் கேட்டே ஆக வேண்டும். எப்படிக் கேட்பது என்று மேலே எழுதியிருக்கிறேன். கடிதம் வரும்வரை போர்டு எழுத வேண்டாம், கையெழுத்து நன்றாக இருந்தால் கண்டிப்பாக வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கும் பதில் இப்போது உங்களுக்குத் தெரியும். நாற்காலி கேட்டுக் கடிதம் எழுதாதீர்கள், போட இடமில்லை. சாருடைய நாற்காலியில் உட்காருங்கள். நீங்கள் அறையில் இருக்கும்வரை அவருக்கு அது தேவைப்படாது.